கடவுளுக்கு வலிக்குமா?



பல ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், 22 வயது மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாயைச் சந்திக்கப் போயிருந்தோம். அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. நாற்காலி போட்டார்கள், காப்பி வந்தது. வெகு நேரம் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சாமி, கடவுளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு சின்ன வயசுல படிச்சோம். ஒரு குறையும் இல்லாதவருக்குப் பெத்த வயிறு பத்தி எரியுறது எப்படித் தெரியும்?"

நாம் வாய் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டார்: "எம்புள்ள அங்க சந்தோசமா இருக்கான்னு அன்னைக்குப் பிரசங்கத்துல சொன்னீங்க. சந்தோசமா இருக்கிறவன் என்னை நினைப்பானா?"

குருமடத்தில் மூன்று ஆண்டு மெய்யியலும் நான்கு ஆண்டு இறையியலும் படித்தவர்கள் நாம். கடவுள் மாறாதவர் என்றும், அவருடைய இரக்கத்தின் பலன் நமக்குக் கிடைக்கிறது, ஆனால் நம் துயரம் அவரைப் பாதிப்பதில்லை என்றும் சொல்லி வைத்தோம். பாடப்படி அது பிழையில்லாத விடை. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, காப்பி ஆறிப்போகுது என்றார். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டல் இன்றும் நமக்கு மறக்கவில்லை. இன்றைய சிந்தனை முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான். அவை அந்த முற்றத்தில் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு 2500 ஆண்டு வயது.

அந்த அம்மா படித்தது பழைய ஞானோபதேசம். நம் பங்கிலும் அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு அது இன்னும் மனப்பாடமாக இருக்கும். சருவேசுரனுக்குரிய தேவ இலட்சணங்கள் எத்தனை என்று உபதேசியார் கேட்பார். ஆறு என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் தாமாகவே இருப்பவர், தொடக்கமும் முடிவும் அற்றவர், உடல் இல்லாதவர், அளவற்ற நன்மை எல்லாம் தாமேயானவர், எங்கும் நிறைந்தவர், எல்லாவற்றுக்கும் முதற்காரணமானவர். ஆறையும் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் பிரம்பு. நாமும் இரண்டொரு முறை வாங்கியிருக்கிறோம்.

இந்த ஆறும் உண்மை. ஒன்றையும் நாம் கைவிடப் போவதில்லை. ஆனால் ஆறில் எங்கும் 'அழுகிறவர்' என்று இல்லை. 'அன்பு செய்கிறவர்' என்றுகூட நேரடியாக இல்லை. நான்காவதற்குள் அது அடங்கியிருக்கிறது என்று ஆசிரியர் விளக்கினால்தான் உண்டு. இப்படி ஒரு பட்டியல் எப்படி உருவானது? விவிலியத்திலிருந்து வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி கிரேக்கரிடமிருந்து வந்தது.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு செனோபனஸ் என்றொரு கவிஞர் இருந்தார். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கொலோபோன் நகரத்தார். ஊர் ஊராகச் சுற்றிப் பாடியவர். அன்றைய கிரேக்கர்களுக்குத் தெய்வங்களைப் பற்றிய அறிவெல்லாம் ஹோமரின் பாடல்களிலிருந்தும் எசியோதின் பாடல்களிலிருந்தும் வந்ததுதான். அந்தப் பாடல்களில் தெய்வங்கள் திருடின, பொய் சொன்னன, அடுத்தவன் மனைவியைக் கவர்ந்தன, பொறாமையால் ஊர்களை அழித்தன. செனோபனஸ் இதைப் பொறுக்கவில்லை. மனிதர் வெட்கப்பட வேண்டிய செயல்களையெல்லாம் தெய்வங்களின் தலையில் கட்டிவிட்டீர்களே என்றார். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால், மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும் கடவுளை வரைந்துவிடும் என்று கிண்டல் செய்தார். உண்மையில் கடவுள் ஒருவரே, அவர் உடலிலும் எண்ணத்திலும் மனிதரைப் போன்றவர் அல்ல என்று பாடினார்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏதென்ஸில் பிளேட்டோ இதையே இன்னும் இறுக்கமாகச் சொன்னார். 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், பிள்ளைகளுக்கு எந்தக் கதைகளைச் சொல்லலாம் என்று ஆராய்கிறார். கடவுள் நல்லவர், ஆகையால் தீமைக்கு அவர் காரணமாக முடியாது. கடவுள் நிறைவானவர், ஆகையால் அவர் மாற முடியாது. உச்சியில் இருப்பவர் நகர்ந்தால் கீழேதானே இறங்க வேண்டும்? வாதம் எவ்வளவு எளிது, எவ்வளவு கூர்மை பாருங்கள்.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இந்த வாதத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனார். உலகில் எல்லாமே அசைகிறது. ஒவ்வொன்றையும் இன்னொன்று அசைக்கிறது. இந்தத் தொடருக்கு முதலில், தான் அசையாமல் அனைத்தையும் அசைக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் எப்படி அசைக்கிறார்? தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. காதலிக்கப்படுபவர் தம்மை விரும்புகிறவரை ஈர்ப்பதைப் போல ஈர்க்கிறார். அழகான சிந்தனை. ஆனால் அடுத்து வருவதைக் கேளுங்கள். அந்தக் கடவுள் எதைப் பற்றிச் சிந்திக்கிறார்? மிகச் சிறந்ததை மட்டும். மிகச் சிறந்தது எது? அவரேதான். ஆக, அரிஸ்டாட்டிலின் கடவுள் என்றென்றும் தம்மையே எண்ணி மகிழ்ந்திருக்கிறார். உலகமே அவரை நாடுகிறது. அவர் யாரையும் நாடுவதில்லை. நட்பைப் பற்றி எழுதும்போது அரிஸ்டாட்டில் இதை மறைக்காமலே சொல்கிறார்: இருவருக்கும் இடையே தூரம் மிக அதிகமானால், கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ளதுபோல, அங்கே நட்புக்கு இடமில்லை. ஆண்டவர் தம் கடைசி இரவில் சீடர்களை நண்பர்கள் என்று அழைத்ததை நினைத்துக்கொண்டு இதை வாசித்தால் நமக்குச் சுருக்கென்கிறது.

அரிஸ்டாட்டிலுக்குச் சற்றுப் பின்னால் வந்த எபிக்கூரஸ் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். தெய்வங்கள் முழு மகிழ்ச்சியில் இருக்கின்றன. முழு மகிழ்ச்சியில் இருப்பவருக்குக் கவலை கிடையாது. ஆகவே அவை நம்மைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பிரியமானவர்களே, அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி அப்படியே இதுதான். தெய்வம் நம்மை விட்டுவிட்டது என்று எபிக்கூரஸ் நிம்மதி அடைந்தார். அந்த அம்மாவோ நெஞ்சு உடைந்து கேட்டார்.

இந்த மெய்யியலாளர்களை இகழ்ந்து பேசுவது மறையுரைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. அது நன்றிகெட்ட வழக்கம் என்பது நம் கருத்து. கடவுள் மனிதரைப் போலக் கோபதாபத்துக்கு ஆட்பட்டவர், கையூட்டுக் கொடுத்து வளைக்கத் தக்கவர் என்ற எண்ணத்தை எதிர்த்துப் போராடியவர்கள் அவர்கள். இன்றும் நேர்த்திக்கடனைப் பேரம்போலப் பேசுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களுக்கு முதலில் தேவை பிளேட்டோதான்.

ஆனால் விவிலியம் வேறொரு குரலில் பேசியது. எகிப்தில் தம் மக்கள் எழுப்பிய கூக்குரலைக் கேட்டு இறங்கி வருகிற கடவுள். மனிதரைப் படைத்ததற்காக மனம் வருந்துகிற கடவுள். இறைவாக்கினர் ஓசேயாவின் நூலில், நடை பழக்கிய பிள்ளை கைவிட்டுப் போனதை நினைத்து உள்ளம் குமுறுகிற கடவுள். இந்த இரண்டு குரல்களும் முதலில் மோதிக்கொண்ட இடம் எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கே நம் ஆண்டவரின் காலத்திலேயே வாழ்ந்த பிலோ என்னும் யூத அறிஞர், கடவுள் மாறாதவர் என்பதை விளக்க ஒரு தனி நூலே எழுதினார். தொடக்க நூலில் கடவுள் வருந்தினார் என்று வருகிறதே, அதை என்ன செய்வது என்பதுதான் அவருடைய சங்கடம். எளியவர்களைத் திருத்துவதற்காக அப்படிப் பேசப்பட்டது என்று விளக்கினார். நம் குருமட விடை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

பவுல் ஏதென்ஸுக்கு வந்தபோது, அரயோப்பாகு மன்றத்தில் அவர்முன் நின்றவர்கள் இந்த மெய்யியலாளர்களின் வழிவந்தவர்கள்தாம். எப்பிக்கூரர் என்று லூக்காவே பெயர் சொல்கிறார். உலகைப் படைத்த கடவுளுக்கு எதுவும் தேவையில்லை என்று பவுல் சொன்ன வரை அமைதியாகக் கேட்டார்கள். இறந்து உயிர்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நியாயமானது. குறையே இல்லாத கடவுளையும், ஆணி அறையப்பட்ட மனிதரையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?

தொடக்கத் திருஅவை அதை ஒரே மூச்சில்தான் சொன்னது. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கு நகர ஆயர் இஞ்ஞாசியார், சிங்கங்களுக்கு இரையாவதற்காகச் சங்கிலியால் கட்டப்பட்டு உரோமைக்குக் கொண்டுபோகப்படுகிறார். வழியில் இளைய ஆயர் பொலிக்கார்ப்புக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் கிறிஸ்துவைக் குறிப்பிடும்போது, துன்பம் தொட முடியாதவர், ஆனால் நமக்காகத் துன்பத்துக்கு ஆளானவர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். விளக்கம் ஒன்றும் தரவில்லை. சாகப் போகிறவருக்கு விளக்க நேரமில்லை.

விளக்க முயன்றவர்கள் இரண்டு பக்கமும் சறுக்கினார்கள். பிரக்சேயா என்பவர், தந்தையும் மகனும் ஒருவரே, ஆகவே சிலுவையில் துன்புற்றது தந்தையே என்னும் பொருள்படப் போதித்தார். ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் அவரை எதிர்த்து ஒரு நூல் எழுதி, தந்தையைச் சிலுவையில் அறைந்துவிட்டாரே என்று ஏளனம் செய்தார்.

மறுபக்கம் சறுக்கியவர்தான் பெரிய புயலைக் கிளப்பினார். ஆரியுஸ், அலெக்சாந்திரியாவில் ஓர் ஆலயத்துக்குப் பொறுப்பான குரு. நம்மைப் போல ஒரு பங்குத்தந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்தியானவர், நன்றாகப் பேசுபவர், தம் கொள்கையைப் பாட்டாகவும் பரப்பியவர். அவருடைய வாதம் முழுவதும் நிறைவு என்ற ஒரு சொல்லிலேயே நின்றது. கடவுள் நிறைவானவர், பிறக்காதவர், மாறாதவர், துன்புறாதவர். இயேசு பிறந்தார், வளர்ந்தார், களைத்தார், அழுதார், இறந்தார். ஆகவே இயேசு எவ்வளவு உயர்ந்தவரானாலும் உண்மைக் கடவுள் அல்ல; படைப்புகளில் முதன்மையானவர். கடவுளின் மாட்சியைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள். ஞாயிறுதோறும் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கையின் அந்த வரி, கடவுளின் நிறைவைப் பற்றிய ஒரு சண்டையின் தழும்பு. கவனமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறோம்.

சண்டை ஓயவில்லை. நூறாண்டு கழித்து, கான்ஸ்தாந்திநோபிளின் பேராயர் நெஸ்தோரியுஸ், மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைக்கத் தயங்கினார். அவருக்கு மரியா மீது வெறுப்பு கிடையாது. பால் குடித்த, பாடுபட்ட ஒன்றைக் கடவுள் என்று சொல்ல அவருக்கு நாக் கூசியது. அலெக்சாந்திரியாவின் சிரில் அவரை எதிர்த்தார். சிரில் மென்மையானவர் அல்ல. 431-ல் எபேசு நகரில் அந்தியோக்கு ஆயர்கள் வந்து சேர்வதற்கு முன்பே பொதுச்சங்கத்தைத் தொடங்கி முடிவும் எடுத்துவிட்டார்; அந்த அவசரத்தை நாம் மெச்ச முடியாது. ஆனால் அவர் பிடித்துக்கொண்ட உண்மை பெரியது. கடவுளின் இயல்பு துன்புறாது என்பதில் சிரிலும் உறுதியாக இருந்தார். அதே நேரத்தில், சிலுவையில் உடலால் துன்புற்றவர் யார் என்று கேட்டால், கடவுளின் வாக்கு ஆனவரே, வேறு யாரும் அல்ல என்றார். உடலைத் தமதாக்கிக்கொண்டவர் அந்த உடலின் வலியையும் தமதாக்கிக்கொண்டார். அன்று இரவு எபேசு மக்கள் தீப்பந்தம் ஏந்தி ஆயர்களை அவர்கள் தங்கிய வீடுகள் வரை அழைத்துச் சென்றார்கள் என்று சிரில் தம் மக்களுக்கு எழுதுகிறார்.

இதைப் புரிந்துகொள்ள மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லும் ஓர் உவமை உண்டு. ஒரு பிள்ளை கிணற்றில் விழுந்துவிட்டது. மேலே நிற்பவர் ஐயோ என்று அலறிக்கொண்டு தாமும் உள்ளே விழுந்தால் இரண்டு உயிர் போகும். அவர் கால் வழுக்காமல் நின்றாக வேண்டும். அசையாத கடவுள் என்று மெய்யியலாளர்கள் சொன்னதன் நன்மை அது. ஆனால் இருட்டுக்குள் தத்தளிக்கும் பிள்ளைக்கு, மேலே ஒருவர் உறுதியாக நிற்கிறார் என்ற செய்தி மட்டும் போதுமா? கயிற்றைக் கரையில் கட்டிவிட்டு அவரே உள்ளே இறங்கி, நீரும் சேறும் குளிருமாகப் பிள்ளையைத் தழுவிக்கொள்கிறார். கரையில் உறுதியாக நிற்பவரும் கிணற்றுக்குள் நடுங்குபவரும் ஒருவரே. எபேசும், அதற்குப் பின் 451-ல் கல்செதோன் பொதுச்சங்கமும் காக்க விரும்பியது இதைத்தான். உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது. பிள்ளைகள் உடனே, 'சாமி, கயிறு அறுந்தா?' என்று கேட்பார்கள்.

மேற்கே இலத்தீன் திருஅவையில் இந்தக் கேள்வி துறவற மடங்களுக்குள் போனது. 1078 வாக்கில் நார்மண்டியின் பெக் மடத்தில் புனித ஆன்செல்ம் ஒரு சிறு நூல் எழுதினார். கடவுள் என்றால், அவரைவிடப் பெரிய ஒன்றை நினைக்கவே முடியாதவர் என்று தொடங்கி, அதிலிருந்தே அவர் இருக்கிறார் என்று காட்டும் புகழ்பெற்ற வாதம் அதில்தான் வருகிறது. அந்த நூலை ஆன்செல்ம் வாதமாக எழுதவில்லை, முழுவதையும் கடவுளை நோக்கிய செபமாக எழுதினார். எட்டாம் அதிகாரத்தில் தடுமாறுகிறார்: ஆண்டவரே, துயரம் உம்மைத் தீண்டாது என்றால் நீர் எப்படி இரங்குகிறீர்? இரங்கவில்லை என்றால் அழுகிறவருக்கு ஆறுதல் எங்கே? உம் இரக்கத்தின் பலனை நாங்கள் உணர்கிறோம், அதன் வேதனையை நீர் உணர்வதில்லை என்று முடிக்கிறார். பந்தலின் கீழே நாம் அந்தத் தாய்க்குச் சொன்ன விடை இதுவேதான். ஆன்செல்ம் அதை முழந்தாளிட்டுச் சொன்னார். நாம் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னோம்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், பிரான்சின் கிளேர்வோ மடத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மடாதிபதி புனித பெர்நார்து. அவருடைய அண்ணன் ஜெரார்து அதே மடத்தில் துறவி. முன்பு போர்வீரராக இருந்து காயம்பட்டுச் சிறைப்பட்டு, பிறகு துறவுக்கு வந்தவர். மடத்தின் சரக்கறை, கட்டட வேலை, நிலம், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. தம்பி மன்றாடவும் எழுதவும் நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் எல்லாச் சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டார். 1137-ல் திருஅவைப் பணிக்காக இருவரும் இத்தாலியில் இருந்தபோது, வித்தேர்போ நகரில் ஜெரார்து கடும் நோயில் விழுந்தார். அந்நிய மண்ணில் இவரை எடுத்துக்கொள்ளாதேயும், வீடு போய்ச் சேரும் வரை விட்டுவையும் என்று பெர்நார்து மன்றாடினார். ஜெரார்து பிழைத்தார். இருவரும் கிளேர்வோ திரும்பினார்கள். மறு ஆண்டு, 1138-ல், ஜெரார்து இறந்தார். நள்ளிரவில் வானகத்தாரைப் புகழ அழைக்கும் திருப்பாடலைப் பாடிக்கொண்டே இறந்தார்.

அடக்கத்தில் எல்லாரும் அழ, பெர்நார்து அழவில்லை. மடாதிபதி ஆயிற்றே. செபங்களைத் தம் வாயாலேயே சொன்னார், மண்ணைத் தம் கையாலேயே போட்டார், கண் உலர்ந்தே இருந்தது. அந்த நாட்களில் அவர் இனிமைமிகு பாடலுக்கு விளக்கம் சொல்லிவந்தார். 18 ஆண்டுகளில் 86 மறையுரைகள் ஆற்றியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டாத தொகுப்பு அது! அதில் 26-ஆம் மறையுரை வழக்கம்போலத் தொடங்குகிறது. கேதாரின் கூடாரங்கள் என்றால் என்ன என்று விளக்குகிறார். சிறிது தூரம் போனதும் நின்றுவிடுகிறார். இனி என்னால் நடிக்க முடியாது என்னும் பொருள்பட உடைந்து போகிறார். அதன் பின் விவிலிய விளக்கம் இல்லை. அண்ணனைப் பற்றிய அழுகைதான்.

அந்த அழுகையின் நடுவே பெர்நார்து கேட்கிறார்: ஜெரார்து, நீ இப்போது கடவுளின் ஒளியில் மூழ்கியிருக்கிறாய், அங்கே துயரம் கிடையாது, அப்படியானால் துயரத்தில் கிடக்கும் என்னை மறந்துவிட்டாயா? பிரியமானவர்களே, நம் ஊர்த் தாய் கேட்ட அதே கேள்வி. பெர்நார்து அதற்கு விடை தேடும்போது, கடவுள் எப்படிப்பட்டவர் என்ற பழைய சிக்கலுக்குள் நுழைகிறார். கடவுள் துன்புற முடியாதவர். ஆனால் துன்புறுகிறவரோடு இணைந்து இரங்க முடியாதவர் அல்லர். இரங்குவது அவருடைய இயல்பு. கடவுளோடு ஒன்றித்தவர் கடவுளைப் போல ஆகிறார். ஆகவே ஜெரார்து வலியை உதறிவிட்டார், அன்பை உதறவில்லை. முன்னைவிட அதிகமாக என்னை நினைக்கிறார். பெர்நார்தின் முடிவு அதுதான்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். நிறைவு என்பதை அரிஸ்டாட்டில் பிறர் தேவைப்படாமை என்று புரிந்துகொண்டார். பெர்நார்துக்கு நிறைவு என்பது பிறரை மறக்க முடியாமை. குறையுள்ள நாம்தாம் மறப்போம். பசித்தால் மறப்போம், களைத்தால் மறப்போம், நம் வலி பெரிதானால் அடுத்தவர் வலி கண்ணுக்குத் தெரியாது. சொந்த வலி அற்றவருக்கு அந்தத் தடை இல்லை. இதை அவர் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் நூல்களே அரபு அறிஞர்களின் உரைகளோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தன. 1210-ல் ஆயர்கள் அவருடைய இயற்கை மெய்யியலைக் கற்பிக்கத் தடை போட்டார்கள். 1255-ல் அதே பாரிசுப் பல்கலைக்கழகம் அந்த நூல்களைக் கட்டாயப் பாடமாக்கியது. தடைகளின் ஆயுள் அவ்வளவுதான். புனித தாமஸ் அக்குவினாஸ் அவற்றைக் கரைத்துக் குடித்தவர். கடவுள் தம்மையே அறிகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை ஏற்றுக்கொண்டு, தம்மை அறிவதிலேயே தம்மிடமிருந்து வரும் அனைத்தையும் அறிகிறார் என்று அந்தச் சாத்திய கதவைத் திறந்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். நாம் ஒன்றில் நன்மையைக் கண்டு அதன்பின் அன்பு செய்கிறோம். கடவுள் அன்பு செய்வதால்தான் ஒன்றில் நன்மை உண்டாகிறது. அந்த 22 வயது இளைஞன் நல்லவனாக இருந்ததால் கடவுள் அவனை நேசித்தார் என்பதில்லை. கடவுள் நேசித்ததால்தான் அவன் இருந்தான், நல்லவனாக இருந்தான்.

தாமசின் இறையியலில் ஊறியவர்கள்தாம் பிற்காலத்தில் நம்மிடம் வந்த மறைப்பணியாளர்கள். உரோமையில் பயின்று 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியைத் தத்துவ போதகர் என்றே நம் முன்னோர் அழைத்தார்கள். ஏதென்ஸிலும் அலெக்சாந்திரியாவிலும் பாரிசிலும் பேசியதெல்லாம் சுருங்கி, திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் ஒப்பிக்கும் ஆறு இலட்சணங்களாயின. சுருக்கியபோது முதுகெலும்பு தப்பியது. பெர்நார்தின் கண்ணீர் விடுபட்டது.

கடந்த நூற்றாண்டில் இரண்டு உலகப் போர்களுக்குப் பின், கடவுளே துன்புறுகிறார் என்று சொல்லும் இறையியலாளர்கள் பெருகினார்கள். 1943-ல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பக்கத்தில் நின்ற நண்பரைப் பறிகொடுத்த யூர்கன் மோல்ட்மன், 1972-ல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதிய நூல் கத்தோலிக்கரும் வாசித்த நூல். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் கடவுள் தம் இறைத்தன்மையிலேயே நம்மைப் போல வலியில் மாட்டிக்கொண்டவர் என்றால், கரையில் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்ற கேள்வி நமக்குத் தீரவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-ல் எழுதிய முதல் சுற்றுமடலில் அரிஸ்டாட்டிலின் பெயரையே சொல்லி, அவருடைய கடவுள் நேசிக்கப்படுகிறார், நேசிப்பதில்லை என்று சுட்டிக்காட்டினார். எதிர்நோக்கு பற்றி 2007-ல் எழுதியபோது பெர்நார்தின் அந்த 26-ஆம் மறையுரைக்கே திரும்பினார்.

நாம் அந்தத் தாயிடம் திரும்பிப் போனது ஒரு மாதம் கழித்து. அதற்குள் பெர்நார்தை எடுத்து வாசித்திருந்தோம். இந்த முறை இலட்சணம் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் தம்பி கதையை மட்டும் சொன்னோம். வித்தேர்போவில் காய்ச்சல், வீடு திரும்பியது, மண்ணைப் போட்ட கை, பாதியில் நின்ற பிரசங்கம், அந்த அழுகையில் அவர் கண்டடைந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த அண்ணன் பேரு என்ன சொன்னீங்க சாமி?" என்றார். சொன்னோம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவுத் திருப்பலிக்கு அவர் கொடுத்த சீட்டில் மகன் பெயருக்குக் கீழே ஜெரார்து என்றும் எழுதியிருந்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. நாம் பங்கு மாறி வந்த பிறகு, நமக்குப் பின் அங்கே பொறுப்பேற்ற இளம் குரு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். குடும்ப ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன், அந்த வீட்டில் ஜெரார்து என்று யாருமே இல்லையே, இது யார் என்று கேட்டார். 1138-ல் இறந்தவர், சீட்டில் இருக்கிறபடியே வாசித்துவிடுங்கள் என்றோம்.